கட்டைவிரல் அளவு வெற்றிடம்

மனை விற்கிறவன் கொடுக்கும் வரைபடத்தில் விளக்கப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறதோ, அந்த மூலையில்தான் சுடுகாடு இருக்கும். கைபேசி எண், திசை காட்டும் அம்பு, பச்சை என்றால் பூங்கா, சாம்பல் என்றால் சாலை என்கிற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து அதன் மேல் ஒட்டிவிடுவோம். ஒட்டிவிடுவோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாக மனைப் பிரிவு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். சுடுகாடு, சாக்கடை, உப்போடை, உயர் அழுத்த மின்கம்பி என்று நான் பெட்டி போட்டு மூடாத சங்கதி இந்த வட்டாரத்தில் குறைவு. அதனால் எந்த வரைபடத்தைக் கண்டாலும் என் கண் முதலில் பெட்டிக்குத்தான் போகும். பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைக்கூட எங்கள் வீட்டு நயினார் மூன்று தடவை படிப்பார் என்று என் மனைவி சந்தனமாரி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பிழைப்புக்கு இப்படி வரைந்தாலும் பொழுதுபோக்குக்கு வேறு மாதிரி வரைவேன். 'மண்வரை' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கற்பனை ஊர்களுக்கு வரைபடம் போட ஆசைப்படுகிறவர்களுக்காகவே யாரோ செய்தது. வியாழனின் நிலாவில் பனிக்கு அடியில் ஒரு ஊர், செவ்வாயின் குகைக்குள் ஒரு ஊர் என்று இஷ்டம்போலப் போடலாம். குடில், காற்றுக் குழாய், தண்ணீர் ஆலை எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக ஓரத்தில் காத்திருக்கும். இழுத்து வைக்க வேண்டியதுதான். அங்கே யாரும் மனை வாங்கப்போவதில்லை, எதையும் மறைக்கத் தேவையில்லை. எனக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி.

என்னைப் போல இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் பதினொரு பேர். ஞாயிறு காலையில் இணையத்தில் கூடி ஒருவர் ஊரை மற்றவர் குறை சொல்வோம். எங்களுக்குள் ஒரு விதி உண்டு. வரைந்ததை அச்செடுத்து அதன் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலுக்கு அடியில் முழுக்க வெறும் தரையாக இருந்தால் அது செத்த ஊர். எதையாவது போட்டு நிரப்பிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் என் மகள் முத்தரசி வந்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. மருமகன் சுடலைமணி கப்பல் பட்டறையில் வெல்டர். இந்த இரண்டு வேலைக்கும் செவ்வாயில் ஆள் வேண்டும் என்று செந்நிலம் என்கிற நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்தது. குலசேகரன்பட்டினத்திலிருந்து அவர்களுடைய முதல் கப்பல் கிளம்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முப்பத்தொரு தம்பதிகள் போய் இறங்கி வேலையும் தொடங்கிவிட்டார்கள். அடுத்த கப்பல் தையில். போனவர்கள் திரும்ப முடியாது. பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும், இரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளுக்கென்று தனிக் கப்பல் வரும் என்று பேச்சு. முத்தரசிக்கு ஒரே மகள், இலஞ்சி. ஆறு வயது.

முத்தரசி மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தாள். நான் வரைந்த ஊர். சந்தேகமே இல்லை. குழாய் மூட்டுகளில் சிவப்புப் புள்ளி வைக்கிறவன் எங்கள் குழுவில் நான் ஒருவன்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து தீனதயாளன் என்று ஒருவர் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இணையத்தில் என் வரைபடங்களைப் பார்த்ததாகவும், ஒரு கணினி விளையாட்டுக்குச் செவ்வாய் ஊர் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். பென்சிலில் போட்ட மாதிரிப் படம் ஒன்றைக் கொடுத்தார். நான் அதை மண்வரையில் அழகாக்கிப் படமாக அனுப்பினேன். பென்சில் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளையாட்டு வந்ததா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

இது நான் கற்பனையாக வரைந்தது, அங்கே ஊரே கிடையாது என்றேன். முத்தரசி சிரித்தாள். ஊர் இருக்கிறது, முப்பத்தொரு குடும்பம் அதில்தான் குடியிருக்கிறது என்றாள். பிறகு முகம் மாறிச் சொன்னாள்.

"நாங்க இன்னும் கையெழுத்து போடலப்பா. பிள்ளைகளுக்குக் கப்பல் வராதுன்னு கம்பெனி இப்பம் சொல்லுதாம். முதல்ல போனவங்க சொந்தக்காரங்க கேஸ் போட்டிருக்காங்க. வரைபடத்துல பள்ளிக்கூடம் காட்டித்தான கையெழுத்து வாங்குனீங்க, அப்பம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயித்தான் ஆகணும்னு. தீர்ப்பு வரட்டும். கம்பெனி பள்ளிக்கூடம் கட்டித்தான் ஆகணும்னு தீர்ப்பானா நாங்க போறோம். இல்லேன்னா இலஞ்சிய விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. என் கண் தாளின் தென்கிழக்கு மூலையில் இருந்தது. விளக்கப் பெட்டியை நான் வடமேற்கில்தான் வைத்திருந்தேன். இப்போது அது தென்கிழக்கில், இரண்டு மடங்கு பெரியதாக உட்கார்ந்திருந்தது. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். முதல் கப்பலில் போனவர்களில் எத்தனை பேரை அங்கே புதைத்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்துவிட்டேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

மறுநாளே பாளையங்கோட்டை சாலையில் இருந்த செந்நிலம் அலுவலகத்துக்குப் போனேன். தீனதயாளன்தான் இப்போது இங்கே பொறுப்பாளராம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மரியாதையே எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டியை ஏன் நகர்த்தினீர்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். அவர் கணினியில் பழைய படத்தைத் திறந்து காட்டினார். கழிவுநீர்க் குட்டை, நானே வரைந்து மறந்துபோனது. முகப்பில் குட்டை தெரிந்தால் பார்க்க நன்றாயிராது என்று அச்சகத்தில் மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

"இதுக்கா வந்தீங்க?" என்றார். "நான் ஸ்கூலைப் பத்திக் கேட்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன் சார்."

எந்தப் பள்ளிக்கூடம் என்றேன். படத்தில் கிழக்குப் பக்கம் விரல் வைத்துக் காட்டினார். எட்டு வகுப்பறை, ஒரு மைதானம், ஒரு மணிக்கூண்டு. பார்த்ததும் ஞாபகம் வந்தது. அந்த இடம் பென்சில் தாளில் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன என்று அன்றைக்குக் கேட்டிருந்தேன். ஒன்றுமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அச்செடுத்துக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு அடியில் வெறும் தரை. ஓரத்தில் இருந்த குறியீடுகளில் கைக்கு அகப்பட்டது பள்ளிக்கூடம். இழுத்து வைத்தேன். பத்து நிமிட வேலை. அதோடு மறந்துவிட்டேன்.

அது கற்பனை, விளையாட்டுக்கு என்றுதானே சொன்னீர்கள் என்று கத்தினேன். தீனதயாளன் கோபப்படவில்லை. விளையாட்டு என்று சொன்னது தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். ஊருக்கு ஆள் சேர்க்கப் போனபோது இந்தப் படம் ஒன்றுதான் பார்க்க அழகாக இருந்ததாம். கடற்கரை ஊர்களில் காட்டினார்களாம். எல்லாரும் முதலில் தொட்டுக் காட்டியது பள்ளிக்கூடத்தைத்தானாம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே நம்பிக்கொண்டார்கள் என்றார்.

பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு போக மாட்டீர்கள் என்று கேட்டேன்.

"காத்து சார். அங்க ஒவ்வொரு மூச்சையும் மெஷின்ல செய்யணும். பெரியவங்க மூச்சு விட்டா வேலை நடக்கும். ஒரு குழந்தை பத்து வருஷம் மூச்சு விட்டுட்டே இருக்கும், வேலை எதுவும் நடக்காது. ஆரம்பத்துலேர்ந்தே எங்க கணக்குல குழந்தைங்க கிடையாது."

அதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அடுத்த புதன்கிழமை தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு வருமாம். குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம். கையெழுத்து வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் உள்ளதெல்லாம் வாக்குறுதி. கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடம் வாக்குறுதி என்றால் அதில் படிக்கப் பிள்ளைகளும் வந்தாக வேண்டும். ஆனால் நிறுவனம் சொல்லாமல் வரைகிறவன் தானாகச் சேர்த்தது என்றால் அது அலங்காரம். அலங்காரம் யாரையும் கட்டுப்படுத்தாது.

"நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம் சார். உண்மையைச் சொன்னா போதும். நான்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை. உங்க பொண்ணும் அப்ளிகேஷன் வாங்கியிருக்காங்க, பார்த்தேன். ஸ்கூல் இல்லைன்னு ஆயிட்டா அவங்களும் போக மாட்டாங்க. உங்களுக்கும் அதுதானே வேணும்?"

எனக்கு அதுதான் வேண்டும். அதை இல்லை என்று சொன்னால் நான் மனிதனே இல்லை. ஒரே மகள். போனால் இனி அவள் முகத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டும், அதுவும் கேட்டதற்குப் பதில் வர அரை மணி ஆகும். பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏரல் விலக்கு தாண்டும்போதுதான் உறுத்தியது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் எந்த நிறுவனமும் என்னிடம் உண்மையைச் சொல் என்று கேட்டதில்லை. இவன் ஏன் கேட்கிறான்?

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை தெரியும், தெரிந்ததும் முத்தரசி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள், அப்புறம் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயர் கித்தேரியான், மீன்பிடிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். வழக்குப் போட்டவர்களில் முதல் ஆள். அவருடைய அக்காவும் அத்தானும் முதல் கப்பலில் போனவர்கள். அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சாட்சிப் பட்டியலில் என் பெயரைப் பார்த்தாராம். பிள்ளைகளைக் காட்டி என் மனதைக் கலைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சந்தனமாரிதான் காபி கொடுத்தாள். பிள்ளைகள், அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த இலஞ்சியோடு உள்ளே விளையாடப் போய்விட்டார்கள்.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எப்படிச் சாட்சி சொல்லப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன், நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று மோசடி வழக்குப் போட்டு உள்ளே தள்ள வேண்டியதுதானே என்று.

"கம்பெனிய மூடிட்டா மேல இருக்கவங்களுக்குச் சோறு யாரு அனுப்புவா அண்ணாச்சி?" என்றார். "எங்களுக்கு நஷ்டஈடு வேண்டாம். ஒரு கப்பல் போதும். அக்கா பேசும்போதெல்லாம் அந்த எடத்தப் பத்தித்தான் சொல்லுதா. அங்கன இன்னும் ஒரு செங்கல்லு வைக்கல. ஆனா முப்பத்தொரு வீட்டுக்காரங்களும் சேந்து, உங்க படத்தைப் பாத்து அளந்து, சுத்திக் கயிறு கட்டி வச்சிருக்காவளாம். கம்பெனி ரெண்டு தடவ அங்க சாமான் எறக்க வந்துச்சாம். எறக்க விடல. பள்ளிக்கூடத்து எடம்னு சொல்லி முறை வச்சுக் காவல் நிக்காவ."

கட்டைவிரலுக்கு அடியில் வெறுமையாக இருக்கிறதே என்று நான் இழுத்துப் போட்ட படத்துக்கு அங்கே ஆட்கள் காவல் நிற்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அவர்கள் போன பிறகு மாடிக்குப் போய் அழுதேன்.

என்னையே நான் சந்தேகப்பட்டது அதற்குப் பிறகுதான். உண்மையைச் சொல்லத் துடிக்கிறேனே, இது உண்மை மேல் உள்ள ஆசையா? மகள் சம்பந்தப்படாமல் இருந்தால் நான் புதன்கிழமை தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பேனா? காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருப்பேன். சுடுகாட்டை மூடிய நாளில் எல்லாம் வராத நேர்மை இப்போது எங்கிருந்து வந்தது?

புதன்கிழமை விடிந்ததும் மண்வரையைத் திறந்தேன். அந்த மென்பொருளில் படம் ஒரே தாளாக இருக்காது, அடுக்கு அடுக்காக இருக்கும். தீனதயாளன் கொடுத்ததைப் பார்த்து வரைந்ததெல்லாம் 'பென்சில்' என்கிற அடுக்கில். நானாகச் சேர்த்தது 'நிரப்பல்' என்கிற அடுக்கில். நிரப்பலில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். நிறுவனத்திடம் இருப்பது வெறும் படம். இந்தக் கோப்பு என்னிடம் மட்டும்தான். பென்சில் தாளை அவர்கள் வெளியே காட்ட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதன் தலைப்பில் 'பெரியவர்கள் 62 பேர் மட்டும்' என்று எழுதி, ஆள் சேர்ப்பதற்கு முந்தைய தேதியும் போட்டிருந்தது. அதைக் காட்டினால் மோசடி என்று அவர்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அடுக்குகளை ஒன்றாக்கு என்று கட்டளை கொடுத்தேன். ஒன்றாக்கினால் திரும்பப் பிரிக்க முடியாது, சம்மதமா என்று கேட்டது. முத்தரசி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தது ஞாபகம் வந்தது. சம்மதம் என்பதை அழுத்தினேன்.

தீர்ப்பாயம் திருநெல்வேலியில் ஒரு சின்னக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் கித்தேரியான். பின்னால் பிள்ளைகளோடு முப்பது குடும்பத்துச் சொந்தக்காரர்கள். கடைசி வரிசையில் முத்தரசியும் சுடலைமணியும். தீனதயாளன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தலைவராக இருந்த அம்மாள் கோப்பை வாங்கித் திரையில் போடச் சொன்னார். நிறுவனம் கொடுத்த மாதிரியில் பள்ளிக்கூடம் இருந்ததா என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா. பென்சில்ல போட்டுக் குடுத்தாங்க. நான் கலர் மட்டும்தான் அடிச்சேன்."

தீனதயாளன் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வக்கீல் அவரை உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். மாதிரித் தாள் தொலைந்துவிட்டதாக முன்பே சொல்லியிருந்ததால் அதைப் பற்றி அவர் வாய் திறக்க முடியவில்லை. கோப்பைத் தோண்டிப் பார்த்தார். ஒரே அடுக்குதான் இருந்தது. தொழிலில் பொய் வரைந்ததுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சுடுகாட்டை மூடியதையும் சாக்கடையை மூடியதையும் வரிசையாகச் சொன்னேன். மறைத்ததுண்டு, இல்லாததைச் சேர்த்ததில்லை என்றேன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. திரும்பி என் மகளைப் பார்த்தார். அவள் யார் என்று தீனதயாளன் சொல்லியிருக்க வேண்டும்.

"சரி. அந்தப் பள்ளிக்கூடம் வரும்னு நீங்க மனசார நம்புறீங்களா? அதை நம்பி உங்க பேத்தியை இங்க வச்சுக்கிட்டு, உங்க பொண்ணை அந்தக் கப்பல்ல அனுப்புவீங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றால் இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். கித்தேரியான் என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புவேன்," என்றேன்.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் வாக்குறுதிதான். இரண்டு வருடத்துக்குள் கட்டி முடித்துப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்ற வேண்டும். கூடத்தில் அழுகையும் பேச்சுமாக ஒரே சத்தம். கித்தேரியான் கூட்டத்தைத் தாண்டி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் வந்தது. தீனதயாளன் என்னைக் கடந்து போகும்போது நின்று, தீர்ப்பு தாளில் இருக்கிறது சார், கட்ட வேண்டியது நாங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முத்தரசியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஓரமாகக் கூப்பிட்டேன். அவளுக்கு மட்டும், காதோடு. அவள் போகாமல் இருந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும், சாட்சியின் மகளே போகவில்லை என்று நாளைக்கே வக்கீல் மேல்முறையீட்டுக்குப் போவான் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தே இருந்தது. இருந்தாலும் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு இத்தன நாளும் பயமாத்தான் இருந்துச்சுப்பா. கோர்ட்டு என்ன சொன்னாலும் கம்பெனிக்காரன் செய்வானோ மாட்டானோன்னு. ஆனா நீங்க அனுப்புவேன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அதோட போச்சு. இந்த உலகத்துல ஒண்ணையுமே நம்பாத மனுஷன் நீங்க. நீங்களே நம்புதீங்கன்னா இனி எனக்கு என்ன?"

சுடலைமணி படிவத்தை நீட்டினான். அவன் ஏற்கெனவே போட்டிருந்தான். அவள் சுவரில் தாளை வைத்து, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். அங்கே போகும்போது இலஞ்சி நாலாம் வகுப்பு இருப்பாள், வகுப்பறை போதுமா அப்பா என்று எழுதிக்கொண்டே கேட்டாள். எட்டு அறை என்றேன். வாசல் எந்தப் பக்கம் என்றாள். கிழக்கே என்றேன். பெரிய ஜன்னல் என்றேன், மைதானத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை என்றேன், பிள்ளைகள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்றேன். அவள் கடைசிப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.